மாப்பிள்ளை அறையில் ஒரு கரும்பலகை

என்னை வீட்டைவிட்டு எழுப்பிய மனிதரைப் பற்றி நான் நல்லதாக எழுதப்போகிறேன் என்றால் கிண்ணியாவில் ஒருவரும் ஆச்சரியப்பட மாட்டார்கள். அபூதாஹிர் காக்காவின் கைப்பக்குவம் அப்படி. வட்டிலப்பத்தைத் தட்டோடு கையில் தந்துவிட்டுத்தான் பெட்டியைக் கட்டச் சொல்வார். தின்று முடித்து விரலை நக்கும்போதுதான் வீடு போய்விட்டது என்பது நமக்கு விளங்கும்.

என் பெயர் இராசதுரை. கணக்கு வாத்தியார். பிறந்து வளர்ந்தது திருகோணமலைப் பட்டினத்தில். எழுபத்தோராம் ஆண்டு கிண்ணியாவுக்கு மாற்றம் கிடைத்தது. அந்தக் காலத்தில் கணக்கும் விஞ்ஞானமும் படிப்பிக்கிற வாத்திமார் கிண்ணியாவுக்கு வந்தால், வந்த அன்றே திரும்பிப் போவதற்குச் செல்வாக்கான ஆள் பிடிக்கத் தொடங்குவார்கள். நானும் அந்த எண்ணத்தோடுதான் பாதையில் ஏறினேன். துறையைக் கடக்க ஆளையும் வாகனத்தையும் ஏற்றிச் செல்கிற மிதவையைத்தான் எங்கள் பக்கத்தில் பாதை என்போம். எனக்கு அருகில் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு மெலிந்த ஒரு மனிதர் நின்றார். என் தகரப்பெட்டியைப் பார்த்தார். சட்டைப்பையில் இருந்த பேனையைப் பார்த்தார். ஊர், பெயர் ஒன்றும் கேட்காமல், என்ன பாடம் என்று மட்டும் கேட்டார். கணக்கு என்றேன். பாதை கரை தட்டியதும் என் பெட்டி அவருடைய சைக்கிளில் ஏறிவிட்டது. பெட்டிக்குப் பின்னால் நான் நடந்துபோனேன்.

அந்த மனிதர்தான் அபூதாஹிர் காக்கா, சீனன்குடா விமானத்தளத்தின் குசினியில் சமையற்காரர். கிண்ணியாவில் அண்ணனைக் காக்கா என்றும் அக்காவை ராத்தா என்றும் அழைப்பார்கள். வெள்ளைக்காரன் காலத்தில் உருளைக்கிழங்கு தோல் சீவப் போனவர், சீவிச் சீவியே தலைமைச் சமையற்காரராகிவிட்டார். ஊரெல்லாம் தின்று கொழுக்கச் சமைப்பார், தன் உடம்பில் மட்டும் ஒட்டாது. அவருக்கு ஒரு வியாதி இருந்தது. முன்யோசனை வியாதி. நல்ல வெயில் எரிக்கிற ஆடி மாதத்தில் குடை வாங்குவார், அப்போதுதான் விலை குறைவாம். பாதையில் ஏறினால் எந்த முனை முதலில் கரை தட்டுமோ அந்த முனையில் போய் நிற்பார். இறங்கி அவர் சைக்கிள் மிதிக்கத் தொடங்கும்போது மற்றவர்கள் இன்னும் செருப்பைத் தேடிக்கொண்டிருப்பார்கள்.

அவருடைய முன்யோசனைகளில் பெரியது அவருடைய ஒரே மகள் றம்ஸியாவைப் பற்றியது. அதற்கு விதை போட்டது ஒரு வெள்ளைக்காரப் பெண். சீனன்குடாவில் காற்றும் மழையும் பார்க்கிற கந்தோர் ஒன்று இருந்தது. அங்கே ஓர் இளம்பெண் வேலைசெய்தாள். காக்கா அவளுக்குத் தேத்தண்ணி கொண்டுபோவார். அவள் வெளியே வந்து வானத்தைப் பார்ப்பாள், கருவிகளைப் பார்ப்பாள், ஒரு துண்டுக் கடதாசியில் ஏதோ எழுதிக் கொடுப்பாள். அந்தத் துண்டு போகும்வரைக்கும் பெரிய பெரிய அதிகாரிகளெல்லாம் விமானத்தடியில் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார்களாம்.

இதை எனக்கு அவர் எத்தனை தரம் சொன்னாரோ தெரியாது. சொல்லும்போதெல்லாம் முடிவில் ஒரே வசனம்தான் வரும். "ஒரு பொம்புளப் புள்ள எழுதிக் குடுத்தாத்தான் ஏரோப்பிளேன் எழும்பும் மாஸ்டர். அப்ப, படிச்ச புள்ளைக்கு எவ்வளவு பவர் எண்டு யோசிச்சிப் பாருங்க."

ஐம்பத்தேழில் வெள்ளைக்காரர் தளத்தைக் கையளித்துவிட்டுப் போனார்கள். அந்த வருடம்தான் றம்ஸியா பிறந்தாள். தொட்டிலில் கிடந்த பிள்ளையைப் பார்த்து, இவளைப் பெரிய படிப்புப் படிப்பிக்கிறது என்று காக்கா அன்றைக்கே முடிவெடுத்துவிட்டார்.

முடிவெடுப்பது சுகம். இலங்கையில் படிப்பு இலவசம் என்று எல்லோரும் சொல்வார்கள். உண்மைதான், ஆனால் படிக்கிற ஆளின் சோறு இலவசமில்லை. விஞ்ஞானம் படிப்பதென்றால் யாழ்ப்பாணத்திலோ கண்டியிலோ விடுதியில் விட வேண்டும். பிறகு பல்கலைக்கழகம், அங்கே இருக்கிற செலவு, புத்தகம், போக்குவரத்து. சமையற்காரருடைய சம்பளத்தில் அதெல்லாம் கனவில்கூட நடக்காது.

அதைவிடப் பெரிய செலவு ஒன்று ஏற்கனவே அவர் தலையில் ஏறியிருந்தது. எங்கள் கிழக்கு மாகாணத்தில் பெண்பிள்ளை பிறந்தால் வீடு கட்ட வேண்டும். கல்யாணத்துக்குப் பிறகு மாப்பிள்ளைதான் பெண்வீட்டுக்கு வருவார், பெண் போவதில்லை. அவர் வந்து இருக்க ஒரு வீடு வேண்டும். அதுதான் சீதனத்தில் முதல் சீதனம். பிள்ளைக்குப் பால் மறக்க முதலே தகப்பன் கல் சேர்க்கத் தொடங்கிவிடுவான். 'வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார்' என்று மற்ற ஊர்க்காரர் இரண்டாகச் சொல்வதை நாங்கள் இங்கே ஒன்றாகச் செய்து முறிந்துபோகிறோம்.

காக்காவின் மனைவி பல்கீஸ் ராத்தா இந்த விஷயத்தில் அசைய மாட்டார். வீடில்லாத குமருக்கு மாப்பிள்ளை வராது என்பது அவருடைய கட்சி. படிப்பா வீடா என்று கேட்டால் வீடு. மகளைப் படிப்பிக்கக் கூடாது என்றில்லை. படித்த பிள்ளை கூரையில்லாமல் நின்றால் படிப்பையா தலைக்குமேல் பிடிப்பது என்று கேட்பார்.  ஆகவே காக்கா வீட்டைக் கட்டத் தொடங்கினார்.

வெள்ளைக்காரர் கழித்துப்போட்ட கதவு, ஜன்னல், தகரம் எல்லாம் ஏலத்தில் போயின. காக்கா ஒவ்வொன்றாக எடுத்துப் பாதையில் ஏற்றிக் கொண்டுவந்தார். தங்களுடைய பழைய வீட்டுக்குப் பின்வளவில் வருடத்துக்கு ஒரு சுவர் என்று எழும்பி, அறுபத்தொன்பதில் வீடு முடிந்தது. ஊரிலேயே பெரிய ஜன்னல்கள். புதுமணத் தம்பதிக்கென்று ஒதுக்கியதை மாப்பிள்ளை அறை என்பார்கள். அந்த அறையின் கதவில் 'அதிகாரிகளுக்கு மட்டும்' என்று ஆங்கிலத்தில் வெள்ளை எழுத்தில் எழுதியிருந்தது. எத்தனை பூச்சுப் பூசியும் அது மேலே வந்துகொண்டே இருந்தது. நான் வாசித்துப் பொருள் சொன்னபோது பல்கீஸ் ராத்தாவுக்கு ஒரே சந்தோஷம். கதவே மாப்பிள்ளை கேட்கிறது என்றார்.

வீடு முடிந்தபோது றம்ஸியாவுக்குப் பன்னிரண்டு வயது. இனிக் கல்யாணம்வரைக்கும் வீட்டைப் பூட்டி வைத்து, வெள்ளிக்கிழமை கூட்டிப் பெருக்குவதுதான் வழக்கம். காக்காவுக்கு அங்கேதான் மூளை வேலைசெய்தது. பூட்டிக் கிடக்கிற வீடு என்ன செய்யும்? கறையான் தின்னும். வெளியூர் வாத்திமாருக்கு வாடகைக்குக் கொடுத்தால்? வாடகையில் பாதி காசு. அது மகளின் பெயரில் தபாற்கந்தோரில் போய் விழும், பல்கலைக்கழகத்துக்கு. மற்றப் பாதி பாடம். அது பின்னேரத்தில் மகளின் தலையில் போய் விழும்.

"புள்ளைய காலேஜுக்கு அனுப்ப என்னட்ட வசதியில்ல மாஸ்டர்," என்று என் பெட்டியை இறக்கி வைத்தபடி சொன்னார். "அதால காலேஜ வீட்டுக்குக் கூப்பிட்டனான்."

அந்தக் காலேஜின் முதல் வாத்தியார் நான்தான். ஊர் சும்மா இருக்குமா? குமர் வீட்டில் ஆம்பிளையைக் குடிவைத்த கதை கடைத்தெருவெல்லாம் கதைக்கப்பட்டது. பல்கீஸ் ராத்தா புருஷனோடு இரண்டு கிழமை பேசவில்லையாம். கடைசியில் மூன்று நிபந்தனைகளோடு இறங்கிவந்தார். வீட்டை விற்கவோ ஈடு வைக்கவோ கூடாது. மணப்பெண் பால் காய்ச்சும்வரை குசினி அடுப்பை ஒருவரும் மூட்டக் கூடாது. பாடம் நடக்கும்போது தான் கதவடியில் இருப்பேன்.

அப்படியே இருந்தார். பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு நான் பாடம் தொடங்குவேன். ராத்தா பன்பாய் இழைத்துக்கொண்டு வாசலில் குந்தியிருப்பார். பிள்ளை கொட்டாவி விட்டால் அங்கேயிருந்து ஓர் அதட்டல் வரும். அட்சரகணிதத்தில் வரும் எக்ஸைப் பார்த்துவிட்டு அதற்குக் கத்தரிக்கோல் என்று பெயர் வைத்தார். "அந்தக் கத்தரிக்கோல் எவ்வளவெண்டு இண்டைக்காவது கண்டுபுடிச்சிட்டீங்களா மாஸ்டர்?" என்று பாயைச் சுருட்டும்போது கேட்பார். கண்டுபிடித்தோம் என்றால், பிறகேன் நாளைக்கும் தேடுகிறீர்கள் என்பார். நான் பயிற்சிக் கலாசாலையில் படித்த ஒன்றும் அந்தக் கேள்விக்கு உதவவில்லை.

பாடத்துக்கு வெளிச்சமான அறை மாப்பிள்ளை அறைதான். எழுதிக் காட்ட ஒரு பலகை இல்லாமல் நான் கஷ்டப்பட்டேன். ராத்தா ஒரு கல்யாணத்துக்காக மூதூருக்குப் போயிருந்த சமயம், காக்காவும் நானும் சிரட்டைக்கரியை இடித்து ஊமத்தையிலைச் சாற்றில் குழைத்து, மேற்குச் சுவரின் நடுவில் பூசிவிட்டோம். அருமையான கரும்பலகை. ராத்தா திரும்பி வந்து பார்த்தார். அவர் திட்டிய திட்டை நான் இங்கே எழுதினால் அச்சுக்கூடக்காரன் அச்சடிக்க மாட்டான். மகளுடைய கட்டில் தலைமாடு வர வேண்டிய சுவர் அது. கரியைப் பூசுவதற்கு வேறு சுவரே கிடைக்கவில்லையா, கல்யாண வீட்டுக்கு மூஞ்சியில் கரி பூசினது போல் இருக்கிறதே என்று அழுதார். கல்யாணத்துக்கு முதல்நாள் வெள்ளையடித்துத் தருவேன் என்று காக்கா தலையில் கைவைத்துச் சத்தியம் செய்தார். அதற்குப் பிறகு ஒவ்வொரு பெருநாளுக்கும் வீட்டுக்கு வெள்ளையடிக்கும்போது ராத்தா அந்தச் சுவரைக் கேட்பார். பரீட்சை முடியட்டும் என்பார் காக்கா. பரீட்சைகளுக்கு முடிவே இருக்கவில்லை.

றம்ஸியா கெட்டிக்காரி. ஆனால் எடுத்த எடுப்பில் அல்ல. ஒரு கணக்கை மூன்று தரம் பிழையாகச் செய்வாள். நாலாந்தரம் சரியாகச் செய்தால் பிறகு அவளுக்கு மறக்காது. அந்தப் பிடிவாதம் தாயிடமிருந்து வந்தது. ஒருநாள் தகரத்தை வெட்டிக் காற்றுத்திசை காட்டி ஒன்று செய்து கூரையில் ஏற்றினாள். அதற்குப் பிறகு காக்கா ஒவ்வொரு விடியலிலும் சைக்கிளை எடுக்க முதல் கூரையை நிமிர்ந்து பார்ப்பார். காற்று சரியாம், போகலாமாம். அவரும் ஏதோ விமானம் ஓட்டப் போகிறவர் மாதிரி நிற்பதைப் பார்த்து நாங்கள் சிரிப்போம்.

பத்தாம் வகுப்புப் பரீட்சையில் அவளுக்குக் கணக்கில் அதிவிசேட சித்தி. நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தேன். அந்தப் பெருமையின் நடுவில்தான் வட்டிலப்பம் வந்தது. கருப்பட்டியும் தேங்காய்ப்பாலும் ஏலமும் சேர்ந்து மணக்கிற வட்டிலப்பம். நான் தின்னும்வரை காக்கா பொறுமையாக இருந்தார்.

"மாஸ்டர், கணக்கு அவளுக்கு வந்திட்டுது," என்றார். "அல்லாஹ் உங்களுக்கு ஒரு குறையும் வைக்கமாட்டான். இனி ரசாயனம் வேணும். வீடு ஒண்டுதானே இரிக்கி."

எனக்கு முதலில் கோபம் வந்தது. பிறகு சிரிப்பு வந்தது. மூன்று வருடம் உழைத்துப் பிள்ளையைத் தேற்றியதற்குக் கிடைத்த பரிசு வீடிழப்பு. நன்றாகப் படிப்பித்தால் எழுப்பிவிடுகிற வீட்டுச் சொந்தக்காரனை நான் வேறெங்கும் கண்டதில்லை. மோசமாகப் படிப்பித்திருந்தால் இன்றைக்கும் அந்த வீட்டில் இருந்திருப்பேன். தபாற்கந்தோருக்குப் பக்கத்தில் ஓர் அறையையும் அவரே பார்த்து வைத்திருந்தார். வெள்ளிக்கிழமைச் சாப்பாடு மட்டும் தன் வீட்டில்தான் என்று உத்தரவு. ஊருக்குத் திரும்பிப் போக ஆள் பிடிக்கிற யோசனை எனக்கு எப்போது விட்டுப்போனது என்று தெரியவில்லை. அந்தச் சாப்பாட்டில்தான் விட்டுப்போயிருக்க வேண்டும்.

ரசாயன வாத்தியார் கனகசுந்தரம் பட்டினத்துப் பாடசாலையில் இருந்தார். குடும்பம் இல்லாத தனிமனிதர், வயிற்றுக் குன்ம வியாதிக்காரர், மச்சம் மாமிசம் சமைத்த சட்டியின் மணம் பட்டாலே சாப்பாட்டை ஒதுக்கிவிடுகிற சுத்தச் சைவம். அவரைக் கிண்ணியாவுக்குக் கூட்டிவருவதென்றால் கோணேசர் மலையைக் கயிறு கட்டி இழுக்கிற வேலை. காக்கா ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் போனார். கனகசுந்தரத்தார் சொன்ன தடைகளையெல்லாம் கேட்டார். கடைசித் தடை குசினி. மாமிசம் வெந்த அடுப்பில் தனக்குச் சமைக்க ஏலாது என்றார் அவர்.

காக்கா எழும்பி நின்று சிரித்தாராம். இந்த இலங்கையில் மாமிசமும் வேகாத, மீனும் வேகாத, சுடுதண்ணிகூட வைக்காத முஸ்லிம் வீட்டுக் குசினி ஒன்று உண்டென்றால் அது அவருடையதுதான். ராத்தாவின் நிபந்தனையால் அடுப்பு நெருப்பே கண்டதில்லை. நான் மூன்று வருடமும் சமைத்தது வெளியே மாமரத்தடியில்.

கனகசுந்தரத்தார் வருவதற்குச் சம்மதித்தார். இப்போது அடுப்பை மூட்டுவது யார் என்ற கேள்வி வந்தது. மணப்பெண்தான் முதலில் பால் காய்ச்ச வேண்டும். ராத்தா ஒரு பகல் முழுக்க யோசித்துவிட்டு, மணப்பெண் என்றால் யார், இவள்தானே, காய்ச்சட்டும் என்று சொல்லிவிட்டார். றம்ஸியா தன் சீதன வீட்டு அடுப்பில் முதல்முதல் பால் காய்ச்சியது ரசாயன வாத்தியாருக்காக. குன்மத்துக்குப் பால் நல்லதென்று அவர் இரண்டு கோப்பை குடித்தார்.

அதற்குப் பிறகு மாப்பிள்ளை அறைச் சுவரில் சூத்திரங்கள் ஏறின. அயலிலுள்ள பெண்பிள்ளைகள் சிலரும் வந்து பாயில் இருந்தார்கள். ராத்தா வாசலில் இழைத்த பாயிலேயே அவர்களும் இருந்தார்கள். றம்ஸியா முதல்தரம் பரீட்சை எடுத்து ரசாயனத்தில் தவறினாள். அழுதுமுடித்துத் திரும்ப எடுத்தாள். எழுபத்தேழில் பேராதனைக்கு விஞ்ஞானம் படிக்க இடம் கிடைத்தது.

செய்தி வந்த அடுத்த வெள்ளிக்கிழமை ராத்தாவின் தமையன் ஹிஸ்புல்லா தோப்பூரிலிருந்து வந்தார். நெல் ஆலை முதலாளி. நல்ல மனிதர், சத்தமாகச் சிரிப்பார், கைநிறையக் கொடுப்பார். வீட்டுக்குக் கூரை போட்ட வருடம் கூரை வளைமரங்கள் தந்து உதவியவர். இனிப்புத் தட்டுகளோடும் பெரிய மனிதர் இரண்டு பேரோடும் வந்திறங்கினார். தன் மகனுக்கு றம்ஸியாவைக் கேட்டார். மச்சான் உறவு, முறைப் பெண். கைக்கூலி என்று கையில் வாங்குகிற சீதனக் காசு ஒரு சதமும் வேண்டாம், வீடு மட்டும் போதும். ஆனால் கல்யாணம் நோன்புக்கு முதல் நடக்க வேண்டும். பேராதனை, கண்டி என்று பிள்ளையை அலைய விட ஏலாது.

சாப்பிட வந்த என் முன்னால் சோறு ஆறிக்கொண்டிருந்தது, துணைக்கு வந்த கனகசுந்தரத்தார் தன் அடுப்பில் காய்ச்சிய பாலைக் குடிக்காமல் கையில் வைத்திருந்தார். கதவுக்கு அப்பால் றம்ஸியா நிற்பது தெரிந்தது. காக்காவின் முகத்தைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை. இருபது வருட முன்யோசனை. அதில் இந்த ஒரு நாளைப் பற்றி மட்டும் அவர் யோசித்திருக்கவில்லை. மச்சானை மறுத்தால் மனைவியின் குடும்பமே விட்டுப்போகும். கைக்கூலி இல்லாமல் இப்படி ஓர் இடம் பிறகு வராது. இருபது வயதுக் குமர், படித்துத் திரும்பும்போது வயது என்ன ஆகியிருக்கும் என்று ஊர் கேட்கும். வீடு கட்டிய கை, அந்த வீட்டாலேயே கட்டுப்பட்டுக் கிடந்தது. ராத்தாவைப் பார்த்தேன். அவர் முகம் மலர்ந்திருந்தது. அவர் இத்தனை காலமும் கேட்டதெல்லாம் தட்டில் வந்திருந்தது. இனிக் கதை முடிந்தது என்று நினைத்தேன்.  

காக்கா யோசித்துச் சொல்கிறேன் என்று முனகினார். யோசிக்க என்ன இருக்கிறது, முதலில் வீட்டைப் பார்ப்போம் என்று ஹிஸ்புல்லா எழும்பினார். எல்லோரும் பின்வளவுக்குப் போனோம். கதவுகளைத் தட்டிப் பார்த்தார், தேக்கு என்று மெச்சினார். ஜன்னல்களைத் திறந்து மூடினார். மாப்பிள்ளை அறைக்குள் கால் வைத்தவர் நின்றுவிட்டார். சுவர் நிறைய கனகசுந்தரத்தாரின் சூத்திரங்கள்.

"இதென்ன கோலம்?" என்றார். "முதல்ல இதச் சுரண்டி வெள்ளையடிக்கோணும். நாளைக்கே ஆள் அனுப்புறன்."

அந்தச் சுவரை வெளுக்கச் சொல்லி ஆறு வருடமாகப் புருஷனை அரித்தவர் ராத்தா. மூதூரிலிருந்து வந்த அன்று அழுதவர். இப்போது ஓமென்று சொல்வார் என்றுதான் எல்லோரும் பார்த்தோம்.

"காக்கா, அந்தச் சுவரப் பத்தி நீங்க கதைக்காதீங்க," என்று தமையனைப் பார்த்துச் சொன்னார்.

ஹிஸ்புல்லா சிரித்தார். பார்க்கும்போதெல்லாம் கரி பூசிவிட்டான்கள் என்று தன்னிடம் முறையிட்டது தங்கச்சிதானே என்று கேட்டார்.

"ஓம், நான் சொல்லுவன். இந்த வாசல்ல ஆறு வருசம் குந்தியிருந்தவள் நான். முதுகு நொந்தது எனக்கு. நீங்க ஒரு நாளாவது வந்து இருந்தீங்களா?" குரல் ஏறிக்கொண்டே போனது. "அந்தக் கத்தரிக்கோல் எவ்வளவெண்டு எனக்கு இன்னும் தெரியா. என்ட புள்ளைக்குத் தெரியும். அத அழிச்சிப்போட்டு அதில கட்டில் போடச் சொல்றீங்களா?"

 அவருக்கே தான் சொன்னது அப்போதுதான் காதில் விழுந்திருக்க வேண்டும். முந்தானையைத் தலையில் இழுத்து விட்டுக்கொண்டு, பிள்ளை படித்து முடிக்கட்டும், உங்கள் மகனுக்கு அவசரமென்றால் வேறு இடம் பாருங்கள் என்று மரியாதையாகச் சொன்னார். பிறகு சாப்பாடு ஆறுகிறது என்று எல்லோரையும் முன்வீட்டுக்குக் கூப்பிட்டார்.

ஹிஸ்புல்லா சாப்பிடாமல் போனார். வட்டிலப்பத்தை மட்டும் பொதிசெய்து வாங்கிக்கொண்டார். காக்காவின் வட்டிலப்பத்தோடு கோபிக்க எவருக்கும் மனம் வராது. அவருடைய மகனுக்கு இரண்டு மாதத்தில் மூதூரில் இதைவிடப் பெரிய வீட்டோடு கல்யாணம் நடந்தது. மறு வருட அறுவடையில் ஹிஸ்புல்லாவே பேராதனைக்குப் போகிற பிள்ளைக்கென்று ஒரு மூட்டை அரிசி அனுப்பினார். விடுதியில் அரிசி மூட்டையை என்ன செய்வது என்று பிள்ளைக்குத் தெரியவில்லை. திருப்பி அனுப்பினால் மாமா மனம் நோவார் என்று தோழிகளுக்குப் பங்கிட்டுக் கொடுத்தாளாம்.

வாடகை தொடர்ந்து தபாற்கந்தோருக்குப் போனது. சேர்ந்தது போதுமாக இருந்தது. குறையும் மாதங்களில் ராத்தா இழைத்த பாய்கள் பட்டினத்துக் கடைக்குப் போயின. காக்கா கண்டிக் குளிருக்கென்று வெள்ளைக்காரன் காலத்துக் கம்பளி ஒன்றை எடுத்துக்கொண்டு மகளைப் பார்க்கப் பேராதனைக்குப் போனார். அதை அவர் அவள் பிறந்த வருடத்திலேயே வாங்கிப் பெட்டியில் வேப்பிலை போட்டு வைத்திருந்தார் என்பது அன்றைக்குத்தான் எங்களுக்குத் தெரியும். காற்றுப் பார்க்கிற அறையைக் காட்டச் சொல்லி அங்கே கேட்டாராம். றம்ஸியா படித்தது ரசாயனம். தகப்பன் மனம் நோகக்கூடாதென்று அவள் யாரையோ கேட்டு மழைமானி இருக்கிற ஒரு புல்வெளியைக் கண்டுபிடித்துக் கூட்டிப்போனாள். அவர் அதைச் சுற்றி வந்து பார்த்துவிட்டுத் திருப்தியோடு ஊர் திரும்பினார்.

படித்து முடித்து அவள் கிண்ணியாவுக்கே விஞ்ஞான ஆசிரியையாக வந்தாள். எங்கள் பாடசாலைக்கு. நான் படிப்பித்த பிள்ளை பக்கத்துக் கதிரையில் இருந்து விடைத்தாள் திருத்தும்போது எனக்கு வந்த கர்வத்தை அடக்கப் பெரும் பாடுபட்டேன். எண்பத்திரண்டில் கல்யாணம் பேசினார்கள். மாப்பிள்ளை ஸெய்னுதீன் தோப்பூர்ப் பிள்ளை, விவசாயப் போதனாசிரியர். உத்தியோகத்தர்தான், 'அதிகாரிகளுக்கு மட்டும்' என்ற கதவு வழியாகப் போகலாம் என்று நான் ராத்தாவிடம் சொன்னேன். கனகசுந்தரத்தார் ஓய்வுபெற்றுப் பட்டினத்துக்குப் போயிருந்தார். கடைசியில் வீடு மணப்பெண்ணுக்காகக் காலியாகியது.

கல்யாணத்துக்கு முதல்நாள் வெள்ளையடிக்க ஆட்கள் வந்தார்கள். காக்கா செய்த சத்தியம் எல்லோருக்கும் ஞாபகம் இருந்தது. காக்காவுக்கும் இருந்தது. சுண்ணாம்பு வாளியோடு மாப்பிள்ளை அறை வாசலில் நின்று, அடிக்கட்டுமா என்று மனைவியைக் கேட்டார். மற்ற மூன்று சுவருக்கும் அடியுங்கள் என்றார் ராத்தா. வந்திருந்த சொந்தக்காரப் பெண்கள் பொறுக்க மாட்டாமல், கரிச்சுவருக்குமேல் சரிகைச் சேலை ஒன்றைத் தொங்கவிட்டு மறைத்தார்கள்.

அடுத்த நாள் நிக்காஹ் முடிந்து மாப்பிள்ளையை ஊர்வலமாகக் கூட்டிவந்து அந்த அறையில் இருத்தினார்கள். பெரிய ஜன்னல், கச்சான் காற்று. சேலை ஒருதரம் எழும்பி மடிந்தது. மாப்பிள்ளை திரும்பிப் பார்த்தார். சேலையின் ஓரத்தைப் பிடித்து, இதென்ன மாமி, சுவர் கறுத்திருக்கிறது என்று கேட்டார். பெண்கள் எல்லோரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். சேலையைச் சரிசெய்ய ஒருத்தி ஓடினாள். ராத்தா அவளைத் தடுத்துவிட்டுத் தானே அதை அவிழ்த்து மடித்துக் கையில் வைத்துக்கொண்டார்.

"மகன், அதுதான் சீதனம்," என்றார். "வீடு, அதச் சுத்திக் கட்டினது."

வாசலுக்கு வெளியே நின்ற எனக்கும் காக்காவுக்கும் அது கேட்டது. எல்லாம் என்ட யோசனை என்று இருபத்தைந்து வருடமாக ஊர் முழுக்கச் சொல்லித் திரிந்த மனிதர்.  அன்றைக்குத் தோளில் கிடந்த துவாயால் முகத்தை அழுத்தித் துடைத்தார். பிறகு கூரையை நிமிர்ந்து தகரக் காற்றுத்திசை காட்டியைப் பார்த்தார், சாப்பாட்டுப் பந்தலுக்கு மழை வராது என்று என்னிடம் சொன்னார், சமைத்த சட்டிகளைத் திறக்கப் போனார்.